கறுவாவா, கடவுளா?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "ஒல்லாந்தர் இங்கே வந்தது கறுவாவுக்காக, வேதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது சும்மா சாட்டுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். பக்கத்தில் இடமில்லை, அச்சகத்தில் அவசரம், கை தானாக எழுதிவிட்டது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால் அந்த ஒரு வரிக்கு இந்தப் பகுதி முழுவதையும் தண்டமாகக் கட்டவேண்டும் போலிருக்கிறது. சரி, கட்டுகிறேன். கிரிக்கெட் பற்றியும் பல்வலி பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முப்பது வருடப் போரில் செத்த சனமெல்லாம் சாட்டுக்காகவா செத்தது? வாழ்நாள் முழுக்கச் சரித்திரம் படிப்பித்தவன் என்ற முறையில் கேட்கிறேன். மதம் வெறும் போர்வை, உள்ளே இருப்பது அதிகாரம் என்று எழுதுவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை)

பதில்: ஐயா, அந்த வரி அவசரத்தில் வந்த வரிதான், ஒப்புக்கொள்கிறேன். முழுக்கத் திருப்பி எடுக்கவும் மனமில்லை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் புள்ளி போடுங்கள்.

1618இலிருந்து 1648வரை ஜேர்மன் நிலங்களை நடுவில் வைத்துக் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் மோதியதுதான் முப்பது வருடப் போர். அது தொடங்கிய நாள் 1618 மே 23. பிராக் நகரக் கோட்டைக்குள் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பக்கம்) புரட்டஸ்தாந்துப் பிரபுக்கள் கூட்டமாகப் புகுந்து, ஜேர்மன் நிலங்களுக்கெல்லாம் தலைவரான கத்தோலிக்கப் பேரரசர் வைத்திருந்த இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களையும் கூடவே ஒரு எழுத்தரையும் ஜன்னலால் தூக்கி வெளியே போட்டார்கள். இருபது மீற்றர் உயரம் இருக்கும். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள், அது வேறு கதை, கடைசியில் வருகிறேன். இந்தக் கோபத்துக்குக் காரணம் ஒரு காகிதம். 1609இல் அரசர் இரண்டாம் ருடோல்ப் பொஹீமியருக்கு மதச் சுதந்திரம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு பத்திரம் கொடுத்திருந்தார். அதை நம்பிப் புரட்டஸ்தாந்தர் கட்டிய தேவாலயங்களில் ஒன்றைப் பூட்டினார்கள், இன்னொன்றை இடித்தார்கள். எழுதிக் கொடுத்த உரிமையைக் கொடுத்தவர்களே கிழித்துப் போட்டால் சனத்துக்கு எப்படி இருக்கும் என்று, ஒப்பந்தங்கள் கிழிபட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதற்குப் பின்னால் 1555இல் ஜேர்மன் நகரமான ஒக்ஸ்பேர்க்கில் செய்த சமாதானம் இருக்கிறது. ஆள்பவனின் மதம் எதுவோ அதுவே அந்த மண்ணின் மதம், பிடிக்காதவன் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போகலாம் என்பதுதான் அதன் சாரம். அறுபது வருடம் அது ஓரளவு தாக்குப் பிடித்தது, அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். ஆனால் அதில் இரண்டே இரண்டு பெட்டிகள்தான், கத்தோலிக்கம், லூத்தரன். புரட்டஸ்தாந்தரிலேயே இன்னொரு பிரிவான, கல்வினைப் பின்பற்றியவர்களுக்குப் பெட்டியே இல்லை. அறுபது வருடத்துக்குள் பிரண்டன்பேர்க் போன்ற பெரிய நாடுகளின் இளவரசர்களே கல்வினியராகிவிட்டார்கள். சட்டத்தில் இடமில்லாத ஒருவன் கையில் படையும் வரியும் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்று ஊகிக்கலாம்.

அடுத்து வந்தவர் பேரரசர் இரண்டாம் பேர்டினண்ட். 1620 நவம்பர் 8 அன்று பிராக்குக்கு வெளியே வெள்ளை மலையில் பொஹீமியரின் கலகத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்தார், அடுத்த வருடம் ஜூனில் பிராக் சதுக்கத்தில் 27 பேருடைய தலையெடுப்பும் தூக்கும் நடந்தது. பிறகு டென்மார்க் வந்து மோதியது, அதையும் தோற்கடித்தாயிற்று. 1629இல் ஜேர்மனியில் அவரை எதிர்க்க ஆளில்லை. அந்த நேரத்தில் ஒரு கெட்டிக்கார அரசியல்வாதி என்ன செய்வான்? பேசாமல் இருப்பான். இவர் 1629 மார்ச்சில் ஒரு கட்டளை போட்டார்: 1552க்குப் பிறகு புரட்டஸ்தாந்தர் கைக்குப் போன கத்தோலிக்கத் திருச்சபைச் சொத்து முழுவதையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். எழுபத்தைந்து வருடத்துக் காணி! மூன்று தலைமுறை ஆண்டு அனுபவித்த காணி! அதுவரை அவர் பக்கம் நின்ற, பொஹீமியாவை அடக்க அவருக்குக் கைகொடுத்த சக்சனி என்ற லூத்தரன் ஜேர்மன் நாடு கூட இதைக் கேட்டு விறைத்துப்போனது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். 1630 ஜூலையில் சுவீடன் மன்னர் குஸ்தாவஸ் அடோல்பஸ் படையோடு வந்து இறங்கினார், 1631 செப்டெம்பரில் அதே சக்சனி சுவீடனோடு சேர்ந்து நின்று பிரைட்டன்ஃபெல்டில் பேரரசரின் படையை நொறுக்கியது.

இந்தக் கட்டளையை அதிகார ஆசை என்று மட்டும் விளக்க என்னால் முடியவில்லை. அதிகார ஆசைக்காரன் இப்படிச் செய்யமாட்டான். கடவுள் தனக்கு வெற்றி கொடுத்தார், கடவுளின் சொத்தைக் கடவுளுக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று உண்மையாகவே நம்பிய ஒருவர்தான் செய்வார். ஆகவே "சாட்டு" என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன், ஐயா. கறுவாவை வாபஸ் வாங்கவில்லை. கீழே பாருங்கள்.

கேள்வி: சேர், ரிஷலியு ஒரு கர்தினால். அவர் எப்படிப் புரட்டஸ்தாந்து சுவீடனுக்குக் காசு கொடுத்தார்? ரியூசனில் கேட்டேன், "அரச நலன்" என்று எழுதினால் புள்ளி கிடைக்கும் என்றார்கள். எனக்கு அது விளங்கவில்லை. (ஏ.எல். மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, ரியூசனில் சொன்னது பிழையில்லை, புள்ளியும் கிடைக்கும். ஆனால் விளங்கவில்லை என்று சொன்னீரே, அது நல்ல குணம்.

ரிஷலியு பிரான்ஸ் அரசரின் முதலமைச்சர். ஒரு உலகப் படத்தை எடுத்துப் பிரான்சைச் சுற்றி விரலை ஓட்டிப் பாரும். தெற்கே ஸ்பெயின், வடக்கே ஸ்பெயினின் கீழிருந்த பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்), கிழக்கே ஸ்பெயினின் படைகள் இத்தாலியிலிருந்து வடக்கே நடந்துபோகும் பாதை, அதற்கு அப்பால் பேரரசர். எல்லாமே ஹப்ஸ்பேர்க் என்ற ஒரே குடும்பம், எல்லாமே கத்தோலிக்கம். நாலு பக்கமும் ஒரே வீட்டுக்காரன் மதில் கட்டினால், அவன் உம்மோடு ஒரே கோயிலுக்கு வருகிறவன் என்பதில் என்ன ஆறுதல்?

1631 ஜனவரியில் ரிஷலியு சுவீடனோடு ஒப்பந்தம் போட்டார், வருடத்துக்கு 400,000 தாலர் என்ற வெள்ளி நாணயம். அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது, சுவீடன் பிடிக்கும் இடங்களில் கத்தோலிக்க வழிபாட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது. இதைத்தான் நீர் கட்டாயம் எழுதவேண்டும், அநேகர் எழுதமாட்டார்கள். மனுஷன் மதத்தை விட்டுவிடவில்லை, அதையும் ஒரு வாசகமாக ஒப்பந்தத்துக்குள் போட்டு வைத்தார். இதற்கு மூன்று வருடம் முன்னால் சொந்த நாட்டிலே லா ரோஷெல் என்ற புரட்டஸ்தாந்துத் துறைமுகத்தைக் கடலில் அணை கட்டி மறித்துப் பட்டினி போட்டுப் பணிய வைத்தவரும் இதே ஆள். வீட்டுக்குள் புரட்டஸ்தாந்தரின் கோட்டையை உடைத்தார், வெளியே புரட்டஸ்தாந்தரின் படைக்குச் சம்பளம் கொடுத்தார். இரண்டிலும் அவர் பார்த்தது ஒன்றைத்தான், அரசருக்கு மேலே யாரும் நிற்கக்கூடாது.

இன்னொரு பகிடி. 1625இல் அதே லா ரோஷெல்காரரை அடக்க ரிஷலியுவுக்குக் கப்பல் கடன் கொடுத்தவர்களில் ஒல்லாந்தரும் உண்டு. கல்வினியர் கல்வினியருக்கு எதிராக! ஸ்பெயினோடு சண்டைக்குப் பிரான்சின் காசு அவர்களுக்குத் தேவை, வேறு வழியில்லை. உள்ளூரில் சனம் கொதித்தது என்பதையும் சொல்லவேண்டும்.

பிரான்சுக்கு இது புதிதும் இல்லை. அதற்கு எண்பது வருடம் முன்னாலேயே முதலாம் பிரான்சுவா என்ற கத்தோலிக்க மன்னர் துருக்கிச் சுல்தான் சுலைமானோடு கூட்டுச் சேர்ந்து, 1543இல் இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து நீஸ் நகரத்தை அடித்தன. அந்தக் குளிர்காலம் துருக்கிக் கடற்படை முழுவதும் பிரான்சின் தூலோன் துறைமுகத்திலே தங்கியது, அவர்களுக்கு இடம் விட ஊர்ச் சனத்தை வெளியேற்றினார்கள். பரீட்சையில் இதை எழுதினால் திருத்துபவர் ஒரு நிமிடம் பேனையைக் கீழே வைப்பார்.

கேள்வி: நான் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். முப்பது வருடம் படை வைத்திருக்க யார் காசு கொடுத்தது? (வத்தளை வாசகி)

பதில்: எனக்கு வந்த கடிதங்களிலே மிக நல்ல கேள்வி இதுதான். சரித்திரப் புத்தகங்களில் யார் வென்றார் என்று பத்துப் பக்கம் இருக்கும், யார் சம்பளம் கொடுத்தார் என்று அடிக்குறிப்பில் இருக்கும்.

முதலில் ஸ்பெயின். அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி வந்தது, ஆனால் வருகிற வெள்ளி ஏற்கெனவே கடன்காரனுக்கு எழுதி வைத்த வெள்ளி. 1557, 1575, 1596, 1607, 1627 என்று அரசாங்கமே திரும்பத் திரும்பக் கடனை அடைக்க முடியாது என்று கையை விரித்தது. 2022இல் நாங்கள் ஒரு தடவை கையை விரித்ததற்கே என்ன பாடு பட்டோம் என்று தெரியும்தானே. படைக்குச் சம்பளம் போகவில்லை என்றால் படை என்ன செய்யும்? 1576 நவம்பரில், மாதக் கணக்கில் சம்பளம் காணாத ஸ்பானியச் சிப்பாய்கள் நெதர்லாந்து மாகாணங்களில் இருந்த அன்ட்வேர்ப் நகரத்துக்குள் புகுந்து கொன்று, கொளுத்தி, கொள்ளையடித்தார்கள். அது ஸ்பெயின் அரசரின் சொந்த நகரம், கத்தோலிக்கரும் வாழ்ந்த நகரம். அதைப் பார்த்த பிறகு அதுவரை முறைத்துக்கொண்டிருந்த கத்தோலிக்க மாகாணங்களும் புரட்டஸ்தாந்து மாகாணங்களும் சேர்ந்து ஸ்பானியப் படையே வெளியே போ என்றன. ஆயிரம் பிரசங்கம் செய்ய முடியாத ஒற்றுமையைச் சம்பளப் பாக்கி செய்து காட்டியது, கொஞ்சக் காலத்துக்கு.

ஒல்லாந்தர் இதில் பாடம் படித்தார்கள். சின்ன நாடு, சேற்று நிலம், ஆனால் படைக்குச் சம்பளம் தவணை தவறாமல் போகும். அதனால்தான் நசாவு இளவரசர் மொரிஸ் தன் ஆட்களை நாளெல்லாம் வரிசையில் நிறுத்தி, முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போ, அடுத்த வரிசை முன்னால் வா என்று பயிற்சி கொடுக்க முடிந்தது. பட்டினி கிடக்கிறவனை இடம் வலம் என்று நடக்கவைக்க முடியாது. சம்பளம் வாங்குகிறவன்தான் வெயிலில் நின்று மண்ணும் வெட்டுவான், மற்றப் படைகளில் அது கேவலமான வேலை.

பேரரசர் பக்கத்தில் வாலன்ஸ்டைன் என்ற படைத் தளபதி. பிறப்பால் புரட்டஸ்தாந்தர், இளவயதில் கத்தோலிக்கராக மாறியவர். வெள்ளை மலைச் சண்டைக்குப் பிறகு தோற்றவர்களின் காணிகள் ஏலத்துக்கு வந்தன. அதே நேரம் 1622இல் நாணயம் அடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்த ஒரு கூட்டில் இவரும் பங்காளி. வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கலந்து காசு அடித்தார்கள், அந்தக் கள்ளக் காசாலேயே காணிகளை அள்ளினார்கள். சந்தையில் பாணின் விலை எங்கேயோ போனது. கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், இந்த வித்தைக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பிறகு பேரரசருக்குப் படை திரட்டிக் கொடுத்தார், ஒரு கட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல். அரண்மனையில் காசு இல்லை. படை எந்த ஊரில் தங்குகிறதோ அந்த ஊர் சம்பளம், சாப்பாடு, குதிரைக்குப் புல் எல்லாம் கட்டவேண்டும். கட்டினால் கொளுத்தமாட்டோம். இதற்கு "பங்களிப்பு" என்று மரியாதையாக ஒரு பெயர். கப்பம் என்றால் எங்களுக்கு உடனே விளங்கும். நண்பன் ஊர், எதிரி ஊர் என்ற பேதமில்லை, சொந்த மதத்து ஊர்களும் கட்டின. அந்த வசூல் வந்து சேரும்வரை முற்பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? ஹான்ஸ் டி விட்டே என்ற வட்டிக்காரர், அன்ட்வேர்ப்பில் பிறந்த கல்வினியர். கத்தோலிக்கப் பேரரசரின் படை ஒரு கல்வினியரின் கடனில் நடந்தது! 1630 ஓகஸ்டில் பேரரசர் வாலன்ஸ்டைனை வேலையிலிருந்து தூக்கினார், கடனைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல்போக, அடுத்த மாதமே டி விட்டே தன் வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்தார். வாலன்ஸ்டைனை இரண்டு வருடத்துக்குள் திரும்பக் கூப்பிட்டார்கள், பிறகு அவர்மீதே சந்தேகம் வந்து 1634 பெப்ரவரியில் அவருடைய சொந்த அதிகாரிகளை வைத்தே கொன்றார்கள். கொன்ற கூட்டத்தில் ஸ்கொட்லாந்துப் புரட்டஸ்தாந்தரும் ஐரிஷ் கத்தோலிக்கரும் கலந்து இருந்தார்கள், அதில் நல்ல மத நல்லிணக்கம்.

சாதாரணச் சிப்பாய் எப்படி யோசித்தான் என்றும் கொஞ்சம் தெரியும். ஒருவன் எழுதிய நாட்குறிப்பு பேர்லின் நூலகம் ஒன்றில் கிடைத்திருக்கிறது. இருபத்தைந்து வருடத்தில் 20,000 கிலோமீற்றருக்கு மேல் நடந்திருக்கிறான், மனைவி பிள்ளைகளும் பின்னாலேயே நடந்தார்கள். 1631 மே மாதம் அவன் இருந்த பேரரசர் தரப்புப் படை புகுந்து மக்டபேர்க் என்ற புரட்டஸ்தாந்து ஜேர்மன் நகரம் எரிந்தது, அதில் செத்தவர்கள் 20,000 பேர் அளவில் என்பார்கள், ஐரோப்பா முழுக்க அந்தப் பெயரைக் கேட்டாலே சனம் நடுங்கியது. இவன் அன்று குண்டு பட்டுக் கூடாரத்தில் கிடந்தான். அவனுடைய மனைவி எரிந்துகொண்டிருந்த நகரத்துக்குள் போய்ப் படுக்கைத் துணியும் ஒரு சாடி வைனும் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருடம் கழித்து மறுபக்கத்தார் அவனைப் பிடித்தார்கள், சுவீடன் படையில் சேர்ந்துகொண்டான். அடுத்த வருடம் பழைய பக்கத்தார் பிடித்தார்கள், திரும்ப இந்தப் பக்கம். இதற்காக அவன் மனம் கலங்கியதாக ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சாகும்போது மட்டும் பக்கத்தில் சிலுவைக் குறி போட்டு வைத்திருக்கிறான்.

ஜேர்மன் நிலங்களின் சனத்தொகையில் ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுவரை போய்விட்டது என்று ஆய்வாளர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். சண்டையில் செத்தவர்களை விட, படையோடு சேர்ந்து நடந்த கொள்ளை நோயிலும் பட்டினியிலும் செத்தவர்கள்தான் அதிகம்.

கேள்வி: மட்டக்களப்பு எனக்குச் சொந்த ஊர், வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன். எங்கள் கோட்டைக்கும் நீங்கள் சொல்லும் ஐரோப்பியச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? (தெஹிவளை)

பதில்: நேரடிச் சம்பந்தம். 1580இலிருந்து 1640வரை போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசர். ஸ்பெயினோடு 1568இலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒல்லாந்தருக்கு, போர்த்துக்கேயரின் ஒவ்வொரு துறைமுகமும் எதிரியின் சட்டைப்பை. 1602இல் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கினார்கள், படை வைக்கவும் கோட்டை பிடிக்கவும் அரசர்களோடு ஒப்பந்தம் போடவும் அதிகாரம் உள்ள கம்பனி. யாழ்ப்பாணத்தை 1619இல் போர்த்துக்கேயர் விழுங்கினார்கள் அல்லவா, பிராக் ஜன்னல் சம்பவத்துக்கு அடுத்த வருடம் அது.

1638 மே 18இல் உங்கள் கோட்டையைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம். தேதியைப் பாருங்கள், மே 23, ஜன்னலுக்குச் சரியாக இருபது வருடம். பிடிக்கும் கோட்டைகளில் யார் படை நிற்பது என்ற வாசகத்தில்தான் விளையாட்டு. அரசனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் "மன்னர் விரும்பினால்" ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்று இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அந்த "விரும்பினால்" இல்லை. ஒரு சொல்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் போன இதழில் நான் எழுதிய கறுவாவுக்கு ஆதாரம். 1640 டிசம்பரில் போர்த்துக்கல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பித் தனி அரசனை வைத்துக்கொண்டது. அப்படியென்றால் ஐரோப்பாவில் ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் ஒரே எதிரிக்கு எதிரான இரண்டு பேர், இனிச் சண்டைக்குக் காரணமே இல்லை. 1641இல் பத்து வருட யுத்த நிறுத்தமும் கையெழுத்தானது. இங்கே என்ன நடந்தது? காலியைப் பிடித்து வைத்திருந்த ஒல்லாந்தர், அதைச் சுற்றியுள்ள கறுவாக் காணி யாருடையது என்று தீரும்வரை யுத்த நிறுத்தம் இல்லை என்று வருடக் கணக்கில் இழுத்தார்கள். 1648இல் ஐரோப்பாவே சமாதானமாகி மணி அடித்தது. 1652இல் தவணை முடிந்தவுடன் இங்கே திரும்பத் தொடங்கினார்கள், மாதக் கணக்கில் பட்டினி கிடந்த கொழும்பு 1656 மே 12இல் விழுந்தது. வெளியே படையோடு காத்திருந்த இராஜசிங்கனுக்குக் கோட்டைக் கதவு திறக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியதுபோல என்று சிங்களத்தில் இன்றும் சொல்கிறார்களே, அது இந்த மாற்றத்தைத்தான்.

அந்த முற்றுகையில் செத்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்ட். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும், நாங்கள் புதுக்கடை என்று சொல்லும் இடம் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டொர்ப் ஆனது அவருடைய பெயரால். வழக்குக்கு அலைகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனால் கொத்தளங்களின் பெயரையும் கேளுங்கள்: ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து. ஸ்பெயினை எதிர்த்து நின்ற மாகாணங்களின் பெயரை நம்முடைய சுண்ணாம்புக் கல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஐந்து மூலைக் கூர் வடிவமும் அழகுக்காக இல்லை. பழைய உயர்ந்த மதிலைப் பீரங்கி உடைத்துவிடும், ஆகவே மதிலைத் தாழ்த்தித் தடிப்பாக்கி, ஒரு கொத்தளத்தில் நின்று அடுத்த கொத்தளத்தின் காலடியைச் சுடுகிற மாதிரி மூலைகளை நீட்டினார்கள். இத்தாலியில் பிறந்த வடிவம். இப்படி ஒரு கோட்டையைப் பிடிக்க மாதக் கணக்கில் சுற்றிக் கிடக்கவேண்டும், அதற்கு இன்னும் பெரிய படை, இன்னும் பெரிய சம்பளப் பட்டியல். வத்தளை அம்மாவின் கேள்விக்கு இதுவும் பதில்.

கேள்வி: கறுவாதான் காரணம் என்றால் ஒல்லாந்தர் எங்கள் குருமாரை ஏன் துரத்தினார்கள்? குருமார் கறுவா விற்கவில்லையே. (நீர்கொழும்பு)

பதில்: சரியான அடி. இதற்குத்தான் மேலே "சாட்டு" என்ற சொல்லை வாபஸ் வாங்கினேன்.

கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் கடும் தண்டனை என்று ஒல்லாந்தர் கட்டளை போட்டார்கள். கோயில்களை எடுத்துத் தங்கள் சபைக்கு ஆக்கிக்கொண்டார்கள், திருமணம், காணி உரித்து எல்லாவற்றையும் தங்கள் பாடசாலைப் பதிவோடு முடிச்சுப் போட்டார்கள். பயம் ஒரு காரணம், கத்தோலிக்கர் எல்லாரும் போர்த்துக்கேயரின் ஆட்கள் என்ற சந்தேகம். வெறுப்பு இன்னொரு காரணம், அதை மறைக்கத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர் வீட்டு மாடியில் பூசை வைத்தார்கள், வெளியே கோயில் என்று தெரியாதவரை அதிகாரிகள் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அங்கே அடுத்த வீட்டுக்காரன், இங்கே எதிரியின் உளவாளி.

1685இல் பிரான்சின் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தருக்கு 1598இல் கொடுத்திருந்த உரிமைகளை ரத்துச் செய்ய, லட்சக் கணக்கானோர் ஒல்லாந்துக்கும் வேறு நாடுகளுக்கும் ஓடினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1687இல், கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார், ஒல்லாந்தருக்குப் பயந்து. பிறகு கண்டிக்குப் போனவரை, இவர் போர்த்துக்கேய உளவாளி என்று அரசனிடம் போட்டுக்கொடுத்தவர் அரண்மனையிலிருந்த ஒரு பிரெஞ்சுக் கல்வினியர். ஐரோப்பாவின் பகையை எவ்வளவு தூரம் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள். சிறையில் வைத்த அதே பௌத்த அரசன் விமலதர்மசூரியன் பிறகு ஆளை விளங்கிக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பூசை வைக்க விட்டான். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது உங்களில் அநேகர் போயிருப்பீர்கள்.

கேள்வி: வெஸ்ட்பாலியா சமாதானத்தோடு மதச்சண்டை முடிந்து நவீன அரசு பிறந்தது என்கிறார்களே, சரியா? (பம்பலப்பிட்டி)

பதில்: அது பாடப்புத்தகத்தின் அவசரம். முப்பது வருடப் போரை முடிக்க 1648 ஒக்டோபர் 24இல் கையெழுத்தான அந்தப் பத்திரங்களில் நவீனம் குறைவு, கணக்கு அதிகம். பேச்சுவார்த்தையே இரண்டு ஊரில் நடந்தது, கத்தோலிக்க மூன்ஸ்டரில் ஒரு பகுதி, ஒஸ்னாபுரூக்கில் ஒரு பகுதி. யாருடைய மதம் உண்மை என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, 1624ஆம் வருடத்தில் எந்தத் தேவாலயம் யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே இருக்கட்டும் என்று முடித்தார்கள். கல்வினியருக்கும் ஒரு வழியாகப் பெட்டி கிடைத்தது. ஒஸ்னாபுரூக்கில் ஒரு ஆயர் கத்தோலிக்கர் என்றால் அடுத்தவர் லூத்தரன், அதற்கு அடுத்தவர் மறுபடி கத்தோலிக்கர். எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தாக்களின் தகராறுகளை நினைத்தால் இது ஒன்றும் மோசமான ஏற்பாடாகத் தெரியவில்லை. பாப்பரசர் பத்தாம் இன்னசென்ட் இந்தச் சமாதானம் செல்லாது என்று அறிவித்தார், ஒப்பமிட்ட கத்தோலிக்க அரசர்கள் வணக்கமாகக் கேட்டுக்கொண்டு தங்கள் வேலையைப் பார்த்தார்கள். 1618இல் இப்படி நடந்திருக்காது, மாறியது அதுதான்.

ஸ்பெயின் ஒல்லாந்தரைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டதும் அதே வருடத்தில். பிரான்சோடு மட்டும் 1659வரை இழுபட்டு இளைத்துப்போனது. சண்டை முடிந்ததா என்றால், இல்லை, இருபது வருடத்துக்குள் பிரான்ஸ் ஒல்லாந்தின் எதிரியாகிவிட்டது, அதைத் தடுக்க ஒல்லாந்தர் கத்தோலிக்க ஸ்பெயினோடு கைகோத்தார்கள்.

கேள்வி: இவ்வளவு பேரில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? (அஞ்சலட்டையில், ஊர் பெயர் இல்லாமல்)

பதில்: ஜன்னலால் போட்ட அந்த எழுத்தர், பிலிப் பப்ரிசியஸ். மற்ற இரண்டு ஆளுநர்கள் மீதுதான் கோபம், இவர் குறிப்பு எழுத வந்தவர், அறையில் நின்றதால் இவரையும் சேர்த்துப் போட்டார்கள். மாதா மேலங்கியை விரித்துத் தாங்கினார் என்றார்கள் கத்தோலிக்கர், கீழே குப்பை மேடு இருந்தது என்றார்கள் புரட்டஸ்தாந்தர். இரண்டு தரப்பும் இதை வைத்துப் பிரசுரம் அடித்துச் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, இவர் எழும்பித் தூசைத் தட்டிக்கொண்டு வியன்னாவுக்குப் போய்ப் பேரரசரிடம் நடந்ததை அறிக்கையாகக் கொடுத்தார். பிறகு அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. பட்டத்தின் பெயர் ஹோஹென்பால், அதாவது "உயரத்திலிருந்து விழுந்தவர்".